வஹாக்கா நகரில் ஒரு முற்றத்து வீடு

தூரதேசப் பிரயாணம் என்றதும் நம் மனத்தில் முதலில் எழும் கேள்வி பணத்தைப் பற்றியதே. விமானக் கட்டணத்தை நாம் விரும்பியபடி குறைத்துவிட முடியாது. வீதிகளையும் கோவில்களையும் சந்தைகளையும் கண்டு களிப்பதற்கோ பெரும்பாலும் விலையில்லை. எஞ்சி நிற்பது தங்கும் செலவு. யோசனையுள்ள குடும்பத்துக்கு அதிலேதான் மிச்சம் பிடிக்க இடமுண்டு. யோசனையற்றவர்க்கு ஏமாறவும் இடமுண்டு. வாடகை குறைந்த அறையில் நித்திரையின்றி இரவைக் கழித்துவிட்டு, மறுநாட் பகலெல்லாம் சோர்ந்து திரிவது சிக்கனமாகாது. ஊரின் இயல்புக்கு ஒவ்வாத ஆடம்பரங்களுக்குப் பணத்தை வாரி இறைப்பதும் சுகமாகாது. ஒரு நகரில் எது சுகம் என்பதை அந்நகரின் காற்றும் கல்லும் தண்ணீருமே தீர்மானிக்கின்றன. மெக்சிக்கோ நாட்டின் தென்பகுதியிலுள்ள வஹாக்கா நகரை எடுத்துக்கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

மெக்சிக்கோத் தலைநகரிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 460 கிலோ மீற்றர் தொலைவில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கொன்றில் இந்நகரம் அமைந்திருக்கின்றது. பஸ் வண்டியில் ஆறு அல்லது ஏழு மணி நேரப் பிரயாணம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீற்றர் உயரம். 1529 ஆம் ஆண்டில் அலொன்சோ கார்சியா பிராவோ என்ற ஸ்பானியர் இதன் வீதிகளைச் சதுரங்கப் பலகையின் கட்டங்கள் போல நேராக வகுத்தார். ஐந்து நூற்றாண்டுகள் சென்றும் அக்கட்டங்கள் குலையவில்லை. அண்மையிலுள்ள மொந்தே அல்பான் என்னும் சப்போத்தெக் மக்களின் பண்டைய மலைநகரத்தோடு சேர்த்து, 1987 இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதனை உலக மரபுரிமைச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

நம்மூர் நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு வஹாக்காவின் பழைய வீடுகள் புதுமையாகத் தோன்றமாட்டா. வெளியே வீதியை நோக்கித் தடித்த சுவரும் ஒரு பெரிய மரக்கதவுமே காணப்படும். உள்ளே சென்றால் நடுவில் திறந்த முற்றம். அதனைச் சுற்றி விறாந்தை. விறாந்தையை ஒட்டி அறைகள். முற்றத்தில் பூஞ்செடிகளோ ஒரு சிறு மரமோ நிற்கும். பச்சைச் சாயலுள்ள உள்ளூர்க் கல்லாலும் சுடாத மண்கல்லாலும் கட்டப்பட்ட அச்சுவர்கள் பகலின் வெயிலை உள்ளே விடாமல் தடுக்கின்றன. இரவில் குளிரைத் தணிக்கின்றன. வீடுகள் உயராமல் தரையோடு படுத்திருப்பதற்கும் காரணம் உண்டு. இது அடிக்கடி நிலம் நடுங்கும் பிரதேசம். உயர்ந்து நின்றவை பல வீழ்ந்திருக்கின்றன. தாழ்ந்து பரந்தவை நிலைத்திருக்கின்றன.

இதிலிருந்து நாம் பெறும் முதற் பாடம் யாதெனில், வஹாக்காவில் குளிரூட்டும் இயந்திரத்துக்காக மேலதிக வாடகை கொடுப்பது பெரும்பாலும் வீண் என்பதே. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும். அப்போதும் முற்றத்து வீட்டின் அறைக்கு ஒரு மின்விசிறி போதுமானது. மாறாக, டிசம்பர், ஜனவரி இரவுகளில் நமக்குத் தேவைப்படுவது இன்னுமொரு கம்பளிப் போர்வை. இங்குள்ள சிறு விடுதிகளில் அறையைச் சூடாக்கும் சாதனம் இருப்பது அரிது. வந்த அன்று மாலையிலேயே போர்வையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நன்று. நள்ளிரவில் கேட்டால் எழுப்புவதற்கு ஆள் இராது.

அத்தகைய வீடொன்றின் அமைப்பைக் காண விரும்புவோர், கார்சியா விஹில் வீதியிலுள்ள ஹுவாரெஸ் நினைவில்லத்துக்குச் செல்ல வேண்டும். பெனித்தோ ஹுவாரெஸ் 1806 ஆம் ஆண்டில் மலைக் கிராமமொன்றில் சப்போத்தெக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்று வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். 1818 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பன்னிரண்டு வயதுப் பாலகனாக, ஸ்பானிய மொழி சரிவரப் பேசத் தெரியாத நிலையில், அவர் கால்நடையாக இந்நகரை வந்தடைந்தார். அவருடைய தமக்கை சமையல் வேலை செய்த மாசா குடும்பத்தாரின் வீட்டில் முதலில் இடம் கிடைத்தது. பின்னர் சாலானுவேவா என்ற புத்தகம் கட்டும் தொழிலாளி தம் வீட்டில் வைத்துப் படிப்பித்தார். அந்த வீடே இன்றைய நினைவில்லம். அப்பாலகன் வளர்ந்து சட்டம் பயின்று, 1858 இல் மெக்சிக்கோவின் ஜனாதிபதியானார். தமக்கை வேலை செய்த வீட்டாரின் மகளையே அவர் 1843 இல் மணம் புரிந்தார் என்பதும் சரித்திரம். முற்றத்தைச் சுற்றிச் சமையலறையும் படுக்கையறையும் பட்டறையும் எவ்வாறு அமைந்திருந்தன என்பதை அங்கே காணலாம்.

இனி விடுதிகளின் வகைகளைப் பார்ப்போம். பெயர்ப்பலகையில் ‘ஹோட்டல்’ என்றிருந்தால் எல்லாத் தரத்தையும் அது குறிக்கும். ‘பொசாதா’ என்பது சிறிய விடுதி. பெரும்பாலும் ஒரு குடும்பத்தார் நடத்துவது. ‘காசா தே ஊயெஸ்பேதெஸ்’ என்பது விருந்தினரை வைத்திருக்கும் வீடு, அதுவே எளியது. ‘ஒஸ்தால்’ என்பது மாணவர்களும் தனியே வருவோரும் ஓர் அறையில் பல கட்டில்களைப் பகிர்ந்துகொள்ளும் இடம். தாய், தந்தை, இரு பிள்ளைகள் என்று செல்லும் குடும்பத்துக்குப் பொசாதாவே பொருத்தமானது. அங்கே நான்கு பேருக்கான ஓர் அறையை எடுத்துக்கொண்டால், ஒஸ்தாலில் நான்கு கட்டில்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் அதற்கும் பல வேளைகளில் அதிக வித்தியாசம் இராது.

எந்த விடுதியாயினும் அறையின் நிலையே முக்கியம். வீதியை நோக்கிய மாடத்தோடு கூடிய அறை படத்தில் அழகாயிருக்கும். ஆனால் வஹாக்கா வாத்தியங்களின் நகரம். திருமணமோ திருவிழாவோ எதுவாயினும் பித்தளை வாத்தியக் குழு முன்னே செல்ல, வாணவேடிக்கையுடன் ஊர்வலம் வரும். விடியற்காலையில் கோவில் மணிகள் ஒலிக்கும். அதன் பின் எரிவாயு விற்பவனின் வண்டி கூவிக்கொண்டு வரும். ஆகவே நித்திரையை விரும்புவோர் பின்புற முற்றத்தை அடுத்த அறையைக் கேட்க வேண்டும். அது பெரும்பாலும் வாடகையும் குறைந்ததாகவே இருக்கும்.

இடத்தைத் தெரிவதிலும் அவசரம் கூடாது. நகரின் நடுவே சோக்கலோ என்னும் மரங்கள் அடர்ந்த சதுக்கம் உண்டு. அதற்குத் தெற்கே சந்தைகள். வடக்கே சாந்தோ தொமிங்கோ ஆலயமும் அதனை அடுத்த அருங்காட்சியகமும். மொந்தே அல்பானின் ஏழாவது கல்லறையில் 1932 இல் அல்பொன்சோ காசோ என்ற அறிஞர் கண்டெடுத்த பொன்னணிகள் அங்கேயே வைக்கப்பட்டுள்ளன. சதுக்கத்தை ஒட்டிய விடுதிகளில் வாடகையும் அதிகம், இரைச்சலும் அதிகம். ஐந்தாறு வீதி தள்ளிச் சென்றால் இரண்டும் குறையும். நடை தூரமோ கால் மணி நேரத்துக்கு உட்பட்டதே. முதல் வகுப்பு பஸ் நிலையமும் நகரின் வடபுறத்தில் நடக்கக்கூடிய தூரத்தில் இருப்பதால் வாடகைக் கார்ச் செலவும் மிச்சம். பெட்டிகளின் பாரத்தால் கார் பிடிக்க நேரின், ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசி முடிவு செய்துகொள்க.

காலத்தைத் தெரிவதில்தான் மிகப் பெரிய மிச்சம் இருக்கின்றது. ஜூலை 16 ஆந் தேதிக்குப் பின் வரும் இரண்டு திங்கட்கிழமைகளில் கெலகெத்சா என்னும் பெருவிழா நடைபெறும். ஒருவருக்கொருவர் கொடுத்து உதவுதல் என்பது அச்சொல்லின் பொருள். நவம்பர் முதலிரு நாட்கள் இறந்தோரை நினைவுகூரும் நாட்கள். டிசம்பர் 23 இல் முள்ளங்கிக் கிழங்குகளைச் செதுக்கி உருவங்கள் அமைக்கும் போட்டி நடைபெறும். 1897 இல் தொடங்கிய வழக்கம் அது. இவ்விழாக்களின்போதும், கிறிஸ்தவரின் பெரிய வாரத்திலும் வாடகை வெகுவாக உயரும். பல மாதங்களுக்கு முன்பே அறைகள் நிறைந்துவிடும். விழாவைக் காண்பதே நோக்கமாயின் அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அல்லாவிடின், ஜனவரி நடுப்பகுதி முதல் பெப்ரவரி வரை செல்வது உத்தமம். செப்டெம்பரில் மழையுண்டு; ஆயினும் அது பெரும்பாலும் பிற்பகலில் பெய்து ஓயும் மழை; மலைகளெல்லாம் பச்சைப் பசேலென்று காட்சியளிக்கும்.

பணம் கொடுக்கும் முன் கேட்டறிய வேண்டியவை சில. சொல்லப்பட்ட வாடகையில் வரி அடங்குமா என்பது முதலாவது. மெக்சிக்கோவில் 16 சதவீத விற்பனை வரியும், அதற்கு மேல் மாகாணத்தின் தங்கும் வரியும் உண்டு. சுடுதண்ணீர் நாள் முழுவதும் வருமா, காலையில் மாத்திரமா என்பது இரண்டாவது. குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கு உகந்ததன்று. விறாந்தையில் வைக்கப்படும் 20 லீற்றர்க் கொள்கலனிலிருந்து விருந்தினர் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாமா என்பது மூன்றாவது. இது சிறு விஷயமாகத் தோன்றினும், நால்வர் ஒரு கிழமை போத்தல் தண்ணீர் வாங்கினால் ஒரு தொகையாகிவிடும். நிலம் நடுங்கினால் ஒதுங்க வேண்டிய இடம் எது என்பதையும் கேளுங்கள். நகரில் எச்சரிக்கைச் சங்கு ஊதும். அப்போது வழி தேடுவது நல்லதன்று. அங்குள்ள மின்சாரம் 127 வோல்ட் என்பதால், இங்கிருந்து கொண்டுசெல்லும் சாதனங்கள் அதற்கு ஏற்றனவா என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளல் வேண்டும். விலைப் பலகைகளில் டொலர்க் குறியைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. மெக்சிக்கோவின் பேசோவுக்கும் அதே குறிதான்.

விடுதியில் காலையுணவு சேர்த்து வாடகை சொன்னால், அதனை நீக்கினால் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கலாம். ஏனெனில் ‘நவம்பர் 20’ என்று பெயர் பெற்ற சந்தைக்குள் சென்று அமர்ந்தால், தண்ணீரில் நுரைக்க அடித்த சூடான சொக்கலேற்றும் முட்டை மஞ்சட்கரு சேர்த்த பாணும் மலிவாகக் கிடைக்கும். அருகிலுள்ள மீனா வீதியில் கொக்கோ விதையைச் சீனியும் பாதாமும் கறுவாவும் சேர்த்து நம் கண்முன்னே அரைத்துக் கொடுப்பர். இலங்கைக் கறுவாவை உலகிலேயே மிகுதியாக வாங்கும் நாடு மெக்சிக்கோ என்பதை நினைத்தால், அந்த மணம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. நம் கறிக்கு உறைப்பூட்டும் மிளகாயும் அந்த நாட்டிலிருந்து உலகெங்கும் பரவியதுதான். மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ‘கொமீதா கொரீதா’ என்ற பெயரில், சூப்பும் சோறும் கறியும் குடிபானமும் சேர்ந்த முழுச் சாப்பாடு ஒரே விலையில் கிடைக்கும். மரக்கறி உண்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவரைக் கூழிலும் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது அங்கே வழக்கம். ‘சின் கார்னே, சின் மந்தேக்கா’ என்று சொன்னால், இறைச்சியும் கொழுப்பும் வேண்டாம் என்பதை விளங்கிக்கொள்வர்.

இவ்வளவும் நம் சௌகரியத்தைப் பற்றியது. ஆனால் நம் மலிவு பிறருக்குச் சுமையாகாதிருப்பதும் நம் பொறுப்பே. வஹாக்கா தண்ணீர்ப் பஞ்சமுள்ள நகரம். பல பேட்டைகளில் குழாய்த் தண்ணீர் நாட்கணக்கில் வருவதில்லை. குடும்பங்கள் பவுசர் வண்டியில் வரும் தண்ணீரை விலை கொடுத்து வாங்கித் தொட்டியை நிரப்புகின்றன. நாம் அரை மணி நேரம் குளித்தால், அது அடுத்த வீதியிலுள்ள ஒருவரின் குடத்திலிருந்து வந்த தண்ணீராகவும் இருக்கலாம். அன்றியும், உல்லாசப் பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதற்காகக் குடியிருப்புகள் மாற்றப்படுவதால், நகரின் நடுப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களே வாடகை கொடுக்க இயலாது வெளியேறுகின்றனர். 2024 ஜனவரியில் இதனைக் கண்டித்து மக்கள் அந்நகர வீதிகளில் ஊர்வலம் சென்றனர்.

எனவே, ஒரே வாடகைக்கு இரண்டு இடங்கள் கிடைக்குமாயின், முன்பின் அறியாத ஒருவர் தூரத்திலிருந்து சாவி அனுப்பிவைக்கும் வெறும் மாடிவீட்டைக் காட்டிலும், வீட்டுக்காரர் தாமே குடியிருந்து நடத்தும் பொசாதாவைத் தெரிந்தெடுப்பதே முறை. அங்கே துவாயும் படுக்கை விரிப்பும் தினந்தோறும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறையைத் துப்புரவு செய்யும் பெண்ணுக்கு நாள்தோறும் சில பேசோக்கள் வைத்துவிட்டுச் செல்லுங்கள். சந்தையில் உண்டு மிச்சம் பிடித்ததில் அது சிறு பங்கே. வஹாக்காவில் சுகமான அறை என்பது விலையுயர்ந்த அறையன்று. தடித்த சுவரும் அமைதியான முற்றமும் ஒரு மேலதிகப் போர்வையும் நிரம்பிய தண்ணீர்க் கொள்கலனும் உள்ள அறையே அது. தெரியாத ஊருக்கு வந்த ஒரு பாலகனுக்கு இடங்கொடுத்த வீடுகளின் நகரம் அது. அத்தகைய வீடுகளில் அவ்வூர் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தால்தான், நாளை அங்கே செல்லும் நம் பிள்ளைகளுக்கும் அந்த முற்றங்கள் திறந்திருக்கும்.