மூட்டு மாற்றும் முன் அம்மா கேட்ட கேள்விகள்



வகுப்பில் கேள்வி கேட்கும் மாணவனைப் பாராட்டுகிறோம். ஆனால், நம் வீட்டு முதியவர்களோ மருத்துவர் முன் அமர்ந்ததும் வாய் திறப்பதில்லை. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய என் அம்மாவும் அப்படித்தான். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி விளக்கிய மருத்துவர், ஏதேனும் ஐயம் உண்டா என மலாய் மொழியில் வினவினார். இல்லையென்று அம்மா தலையசைத்துவிட்டார்.

கெப்பாலா பத்தாஸ் வீட்டிற்குத் திரும்பும் வழியில்தான் கேள்விகள் வெளிவந்தன. “தரையில் உட்கார்ந்து பூசை செய்யலாமா? குந்தி அமரும் கழிவறைக்குப் போகலாமா? தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக் கோயில் படி ஏற முடியுமா? இந்த மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும்?” கடைசியாக, “உனக்குப் பாரமாகிவிடுவேனாப்பா?”

அவற்றைப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதி, மலாயில் பெயர்த்து, அடுத்த சந்திப்பில் கொடுத்தேன். மருத்துவர் பொறுமையாக விடையளித்தார். தேய்ந்த எலும்பு முனைகளை மட்டும் சீவி, அங்கே உலோகத்தையும் உறுதியான பிளாஸ்டிக்கையும் பொருத்துவார்களாம். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ எழுந்து நடப்பர். முழுமையாகத் தேறப் பல மாதங்கள் ஆகும். முறையான பயிற்சிக்குப் பின் படி ஏறலாம். 513 படிகளுக்கு அவசரம் கூடாது. தரையில் அமர்வதையும் குந்துவதையும் தவிர்ப்பது நல்லது. பூசைக்கு நாற்காலி போதும்.

மூட்டின் ஆயுளைப் பற்றி 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால் மூட்டுகளில் 100-க்கு 82 மூட்டுகள் 25 ஆண்டுகள் நீடிக்கும் என அது மதிப்பிட்டது. “அப்போது எனக்குத் தொண்ணூற்று மூன்று!” என்று அம்மா சிரித்தார்.

மருத்துவரும் கேள்விகள் கேட்டார். நீரிழிவு கட்டுக்குள் உள்ளதா? இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்கிறாரா? பல்லிலோ தோலிலோ புண் உண்டா? கிருமி புதிய மூட்டைத் தாக்கக்கூடும் என்பதால் இவற்றை மறைக்கலாகாது.

அம்மாவின் கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாங்களே. கழிவறையை மாற்றினோம்; வழுக்கும் விரிப்புகளை அகற்றினோம்; எந்நாளில் யார் உடனிருப்பது என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினோம். அதைப் படித்த பிறகே அம்மா ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்.

உங்கள் வீட்டு முதியவரிடமும் ஒரு புத்தகத்தைக் கொடுங்கள். எழுத இயலாதவர் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும்.