கூடத்திற்கு வந்த கறிவேப்பிலை

கனடாவின் நடுப்பகுதியில் அமைந்த வின்னிபெக் நகரில், தொட்டிச் செடி வளர்ப்போருக்குச் செப்டம்பர் கவலை மிகுந்த மாதமாகும். ஜனவரி இரவுகளில் உறைநிலைக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் என்பது இங்கே வழக்கமான குளிர். 30 பாகைக்கும் கீழே இறங்கும் இரவுகளும் உண்டு. கோடை முழுவதும் புழக்கடையில் வெயில் காய்ந்த கறிவேப்பிலை, மல்லிகை, துளசி ஆகியவற்றை அதற்கு வெகு முன்னரே வீட்டினுள் குடியேற்றியாக வேண்டும். எங்கள் வீட்டில் இப்பொறுப்பு என் அன்னையாருடையது. நெல்லைச் சீமையில், கிணற்றடியில் தானாக முளைத்த கறிவேப்பிலையைக் கண்டு வளர்ந்தவர் அவர். இங்கே, கடையில் வாங்கிய ஒரு சாண் கன்றை 11 ஆண்டுகளாகக் காத்து வருகிறார்.

உறைபனி பெரும்பாலும் செப்டம்பர் பிற்பகுதியில் விழும். ஆயினும் வெப்பநாட்டுச் செடிகளை அதுவரை வெளியே விட்டுவைத்தல் ஆகாது. இரவு வெப்பநிலை 10 பாகையை நெருங்கியதுமே எடுத்துவிட வேண்டும். அதையும் ஒரே நாளில் செய்தல் நன்றன்று. ஒரு வாரம் மர நிழலில் வைத்து, வெளிச்சக் குறைவிற்குப் பழக்கிய பின்னரே உள்ளே கொணர வேண்டும். வீட்டு வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதுமானதாகத் தோன்றும். செடிக்கோ அது அரை இருட்டு. டிசம்பரில் பகற்பொழுதே சுமார் 8 மணி நேரந்தான். ஆகவே தெற்குப் பார்த்த சன்னலுக்கு மதிப்பு அதிகம். எங்கள் வீட்டில் அவ்விடத்திற்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் போட்டியிட்டது, தோற்றது தொலைக்காட்சியே.

உள்ளே வருமுன் குளியல் உண்டு. மாவுப்பூச்சி, செதில்பூச்சி, வெள்ளை ஈ, செஞ்சிலந்தி ஆகியவை இலையின் அடிப்புறத்தில் ஒளிந்திருக்கும். வெளியே மழையும், அவற்றைத் தின்னும் பிற பூச்சிகளும் அவற்றை அடக்கி வைக்கின்றன. வீட்டினுள் அவற்றிற்குப் பகையே இல்லை. மென்மையான சோப்பைத் தண்ணீரில் சிறிதளவு கரைத்து, ஒவ்வோர் இலையையும் அடிப்புறமாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

குளிரைவிடக் கொடியது வறட்சி. உறைநிலைக்குக் கீழே 20 பாகையில், ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1 கிராம் நீராவியையே தாங்கும். 20 பாகை வெப்பத்திலோ 17 கிராம் தாங்கும். வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சூடேற்றும்போது அது பாலைவனக் காற்றாகிவிடுகிறது. நம் உதடும் வெடிக்கிறது, இலையும் உதிர்கிறது. தண்ணீர் தெளித்தால் சில நிமிடங்களே பயன். செடிகளை நெருக்கமாகக் கூட்டி வைப்பதும், சூடான காற்று வரும் துவாரத்தை விட்டு விலக்குவதும் ஓரளவு உதவும். சன்னல் கண்ணாடியைத் தொடும் இலை குளிரில் கருகும். வாடுகிறதே என்று இரங்கி நீரை ஊற்றுவோர்தாம் பெரும்பாலும் செடியைக் கொல்கின்றனர். வளர்ச்சி நின்ற வேர் ஈரத்தில் அழுகும். விரலை மண்ணில் செலுத்திப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும். உரம் மார்ச் வரை வேண்டா.

சென்ற குளிர்காலத்தில் அன்னையார் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதே மாதத்தில் கறிவேப்பிலையும் ஓர் இலைகூட இன்றிக் குச்சியாய் நின்றது. பார்க்க வந்தவர்கள் எறிந்துவிடச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் நகத்தால் பட்டையைச் சற்றுக் கீறினார். உள்ளே பச்சை தெரிந்தது. "சாகல ஐயா, ஒறங்குது. மூணு வாரத்துக்கு ஒருக்க ஒரு தம்ளர் தண்ணி போதும்" என்றார். மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியைச் செய்ய மறுத்து வந்தவர், அச்செடியைப் பார்க்கவென்றே நடைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு கூடம்வரை வரத் தொடங்கினார். முதலில் நாளுக்கு ஒரு முறை. பின்னர் காலையும் மாலையும். மார்ச் இறுதியில் கணுக்களில் ஊசிமுனை போன்ற துளிர்கள் தோன்றின.

இவ்வாண்டு அவரால் குனிய இயலவில்லை. நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை செய்கிறார், துடைப்பது நான். பார்வை மங்கிவிட்டதால் இலையைத் தடவியே மாவுப்பூச்சியைக் கண்டுபிடிக்கிறார். கறிவேப்பிலையும் துளசியும் கூடத்திற்கு வந்துவிட்டன. மல்லிகையில் மூன்று மொட்டுகள் இருப்பதால், அவை விரியும்வரை வெளியே இருக்கட்டும் என்கிறார். நாளை இரவு 6 பாகை என்று வானிலை அறிவிப்பு. தொட்டியைத் தாழ்வாரத்தில், கதவோரமாக வைத்திருக்கிறேன்.