குளத்தில் குளித்தானா?

2024 மே முதல் ஜூலைக்குள் வடகேரளத்தில் மூன்று குழந்தைகள் போய்விட்டார்கள். மலப்புறத்தில் 5 வயது, கண்ணூரில் 13, கோழிக்கோட்டில் 14. அவர்களைக் கொன்ற கிருமிக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘மூளை தின்னும் அமீபா’. அதே ஜூலையில் 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்து வீடு திரும்பினான். நாட்டிலேயே இந்த நோயிலிருந்து மீண்ட முதல் ஆள் என்று கேரள அரசு அறிவித்தது. அவனுடைய அப்பா இந்த நோயைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் படித்திருந்தார். பையன் குளத்தில் குளித்ததை டாக்டரிடம் அவரே எடுத்துச் சொன்னார்.

*

அமீபாவின் முழுப்பெயர் நெக்லேரியா ஃபௌலெரி. தென் ஆஸ்திரேலியாவில் 1965இல் இந்த நோயை விவரித்த இருவரில் ஒருவர் மால்கம் ஃபௌலர், மற்றவர் கார்ட்டர். அங்கே வெயிலில் சூடேறிக் கிடந்த நீளமான தண்ணீர்க் குழாய்கள்தான் அமீபாவை வளர்த்தன என்பது பிறகு தெரிந்தது. வெதுவெதுப்பான நன்னீர் அதற்குப் பிடிக்கும். 46 டிகிரி வரை தாங்கும். கடலில் கிடையாது. குடித்தாலும் ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால்தான் ஆபத்து: மூக்கின் கூரையில் சல்லடை போன்ற எலும்பு, அதன் வழியே வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு. குட்டிக்கரணம் போட்டுக் குதிப்பதும் சேற்றைக் கலக்குவதும் யார் வேலை? பிள்ளைகள் வேலைதானே.

*

சிக்கல் இங்கேதான். காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் வெள்ளை அணுக்கள் ஏராளம், சர்க்கரை குறைவு, புரதம் அதிகம். எந்த டாக்டரும் பாக்டீரியா மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைப்பார். தப்பு சொல்ல முடியாது. சாயம் போட்டுப் பார்த்தால் பாக்டீரியா இல்லை. சரி, கல்ச்சர் வரட்டும் என்று ஆன்டிபயாடிக் ஓடும். அறிகுறி தொடங்கி ஐந்தாறு நாளில் உயிரை எடுக்கும் நோயில், கல்ச்சருக்காகக் காத்திருக்கும் இரண்டு நாள் பெரிய செலவு.

செய்ய வேண்டியது சின்ன வேலை. எடுத்த நீரில் ஒரு சொட்டை, சாயம் போடாமல், சூடு ஆறுவதற்குள் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அமீபா நகரும்; அதை வைத்துத்தான் அடையாளம். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் அசைவு நின்று, வெள்ளை அணுவோடு வெள்ளை அணுவாகத் தெரியும். பி.சி.ஆர். உறுதி செய்யும், நல்லது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குச் சோதனைக்கூடத்தில் பொறுமையாக ஸ்லைடைப் பார்க்க ஒருவர் இருப்பது அதைவிட நல்லது.

*

மருந்து: ஆம்ஃபோடெரிசின் பி, சிறுநீரகத்தைப் படுத்தும் பழைய மருந்து. 1978இல் கலிஃபோர்னியாவில் 9 வயதுச் சிறுமி பிழைத்தது அதை முதன்மையாக வைத்து. இன்று அதோடு சேர்த்துத் தருவது ரிஃபாம்பிசின், ஃபுளுகோனசோல், அசித்ரோமைசின். இப்போது மில்ட்டெஃபோசின். நம் நாட்டில் காலா அசார் காய்ச்சலுக்கு 2002லிருந்து அனுமதி பெற்ற மாத்திரைதான்.

2013இல் அமெரிக்காவில் மில்ட்டெஃபோசின் கொடுத்ததில் இரண்டு பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆர்கன்சாவில் 12 வயதுச் சிறுமிக்குச் சீக்கிரமே நோய் கண்டுபிடித்து, உடம்பைக் குளிர்வித்து மூளை வீக்கத்தையும் அடக்கினார்கள், முழுசாகத் தேறினாள். இன்னொரு 8 வயதுப் பையனுக்கு நோய் தெரியச் சில நாள் ஆகிவிட்டது. உயிர் நின்றது, மூளை பாதிக்கப்பட்டது. மில்ட்டெஃபோசினை அதிசய மருந்து என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பிள்ளையை விட்டுவிடுகிறார்கள்.

(1962 முதல் 2023 வரை அமெரிக்காவில் 164 பேருக்கு வந்து, பிழைத்தவர்கள் 4 பேர்.)

*

கேரளத்தில் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு என்று கேட்கிறார்கள். தண்ணீர், வெயில் எல்லாம் காரணமாக இருக்கலாம். ஆனால் அங்கே மூளைக்காய்ச்சல் என்றாலே அமீபாவையும் தேடுகிறார்கள் என்பது பெரிய காரணம். அவர்கள் கணக்கில் அகாந்தமீபா போன்ற மெதுவாகத் தாக்கும் வகைகளும் சேர்த்தி. அங்கே பிழைப்பவர்களும் கூடியிருக்கிறார்கள்; அதற்கு இதுவும் ஒரு காரணம். நம் பக்கத்தில் தேடாமலே ‘காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல்’ என்று எத்தனை கோப்புகளை மூடியிருப்போமோ.

*

2025 சபரிமலை சீசனில் குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது கேரள சுகாதாரத் துறை. பம்பையில் முழுக்குப் போடும் நம்மூர்ச் சாமிகளுக்கும் சேர்த்துத்தான்.

பிள்ளைக்குக் காய்ச்சலும் தாங்க முடியாத தலைவலியும் வந்தால், கடந்த பன்னிரண்டு நாளில் குளம், கிணறு, ஆறு, நீச்சல்குளம் என எதில் இறங்கினான் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.