முழந்தாள் கற்பித்த பாடம்

34 ஆண்டுகள் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவள் நான். கரும்பலகைக்கு முன் நின்ற நேரம் போக, எஞ்சிய நேரமெல்லாம் ஆட்டுக்கல்லுக்கு முன்பும் வாசற்கோலத்துக்கு முன்பும் குந்தி அமர்ந்தே கழிந்தது. ஞாயிறு திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போது வெறுந்தரையில் முழந்தாட்படியிடுவதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. இருக்கையின் விளிம்பில் சாய்ந்துகொள்ளும் இளம்பெண்களைக் கண்டால், "இந்த வயதிலேயே இவர்களுக்கு இவ்வளவு சோர்வா?" என்று மனத்துக்குள் எண்ணிக்கொள்வேன். அந்தப் பெருமைக்கு உரிய பாடத்தை என் முழந்தாளே எனக்குக் கற்பித்தது.

அறுபதாவது வயதில் வலது முழங்காலில் வலி தொடங்கியது. நொச்சித் தழை ஒத்தடமும் தவிட்டு ஒத்தடமும் சில மாதங்கள் துணை நின்றன. பின்னர் மாத்திரைகள், அதன் பின்னர் ஊசிகள். அறுபத்தேழாவது வயதில், சோமனூரில் எங்கள் வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்குச் செல்வதற்குள் இரண்டு முறை நிற்க வேண்டிய நிலை வந்தது. கால் வில்லைப்போல் வளைந்துவிட்டது. இரவில் புரண்டு படுத்தாலும் வலி எழுப்பிவிடும். கோவையில் எடுத்த எக்ஸ்ரே படத்தை மருத்துவர் வெளிச்சத்தில் காட்டினார். தொடையெலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒருபுறம் அறவே இல்லை. எலும்பின் முனைகளை மூடி, அவை உராயாமல் காக்கும் குருத்தெலும்பு தேய்ந்து போய்விட்டது. தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்வதில்லை என்று அவர் தெளிவாகவே கூறினார்.

மூட்டு மாற்று அறுவை என்றதும், காலையே வெட்டியெடுத்து வேறு கால் வைப்பார்கள் என்று நான் அஞ்சினேன். உண்மை அதுவன்று. எலும்புகளின் தேய்ந்த முனைகளை மட்டும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவியெடுக்கிறார்கள். தொடையெலும்பின் முனையில் கோபால்ட்-குரோமியக் கலப்பு உலோகத்தால் ஆன உறையைப் பொருத்துகிறார்கள். கீழ் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே, குருத்தெலும்பின் வேலையைச் செய்யப் பாலிஎதிலீன் என்னும் வழவழப்பான பொருள். தசைகளும் பக்கத்துத் தசைநார்களும் நம்முடையவையே. ஆகவே உலோகத்தைப் பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. அந்தத் தசைகளைப் பழக்குவது நோயாளியின் கையில்தான் இருக்கிறது.

இச்சிகிச்சையின் வரலாற்றிலும் நம் நாட்டவர் ஒருவருக்குப் பங்கு உண்டு. 1968ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிராங்க் கன்ஸ்டன் என்ற மருத்துவர் புதுமுறை முழங்கால் மூட்டு ஒன்றைப் பொருத்தினார். 1974ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் உருவாக்கிய மூட்டே இன்றைய மூட்டுகளுக்கு முன்மாதிரியாயிற்று. அக்குழுவில் இருந்தவர் இந்தியாவில் பிறந்த மருத்துவர் சித்தரஞ்சன் ரனவத். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் இடது முழங்காலுக்கும், 2001ஆம் ஆண்டு ஜூனில் வலது முழங்காலுக்கும் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் அறுவை செய்தவரும் அவரே. முழங்கால் மாற்று அறுவையை நம் நாட்டுச் சாதாரணக் குடும்பங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் அந்நாளில்தான்.

செலவும் எங்களை மலைக்க வைத்தது. ஆயினும், 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு அன்று வரி நீங்கலாக 54,720 ரூபாய் என நிர்ணயித்தது. அதற்கு முன்னர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுத்தவர்கள் உண்டு. தகுதியுள்ள குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை கிடைக்கிறது. எனக்கு என் ஓய்வூதியச் சேமிப்பும் மகனின் துணையும் போதுமாயிருந்தன. அறுவைக்கு முன்பே மகன் வீட்டில் நாற்காலிக் கழிப்பறை அமைத்து, சுவரில் பிடிகம்பியும் பொருத்திவிட்டான்.

2024ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் கோவையில் ஒரு மருத்துவமனையில் அறுவை நடந்தது. முதுகுத்தண்டில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. மாலை வரை எனக்கு வலியே இல்லை. "இவ்வளவுதானா?" என்று மகனிடம் பெருமையாகச் சொன்னேன். இரவு பத்து மணிக்கு மரப்பு நீங்கியது. அந்த இரவை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை, மறைக்கவும் விரும்பவில்லை. முழங்காலுக்குள் யாரோ தணல் வைத்ததுபோல் இருந்தது. செவிலிப் பெண் மருந்து கொடுத்து, "பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள் அம்மா, காலில் இரத்தம் உறையக் கூடாது" என்றாள். மறுநாள் காலையில் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். நான்கடி நடந்தேன். ஐந்தாம் நாள் வீடு திரும்பினேன். பிப்ரவரி 12ஆம் நாள் தையல் பிரித்தபோது என் கால் 80 பாகை வரை மடங்கியது. மருத்துவர் மகிழ்ச்சி தெரிவித்தார்.

இதற்குப் பின்னர்தான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

பிப்ரவரி 14ஆம் நாள் விபூதிப் புதன். வீட்டிலிருந்தே தவக்காலத்தைத் தொடங்கிய எனக்கு ஓர் எண்ணம் உதித்தது. "கோவிலுக்குப் போக முடியவில்லை, முழந்தாட்படியிட முடியவில்லை. இந்த வலியையாவது ஆண்டவருக்கு முழுமையாக ஒப்புக்கொடுப்போம். மாத்திரை எதற்கு?" மருமகள் வேளை தவறாமல் கொண்டுவந்து கொடுத்த வலி மாத்திரைகளை வாயில் போடுவதுபோல் காட்டி, தலையணை உறைக்குள் மறைத்து வைத்தேன். நல்லவேளை, மற்ற மருந்துகளை விடவில்லை. இது ஒறுத்தல் என்று நான் நம்பினேன். ஆனால் நடந்தது வேறு.

வலி மிகுந்தவுடன் காலை மடக்கும் பயிற்சி குறைந்தது. இயன்முறை மருத்துவரான இளைஞர் வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வருவார். அவர் கைவைக்கும் முன்பே நான் அலறிவிடுவேன். "இன்று போதும் தம்பி" என்று அனுப்பிவிடுவேன். இரவில் தூக்கம் இல்லை. பக்கத்து விசைத்தறிகளின் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடப்பேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால் சற்று இதமாக இருந்தது. செய்யக்கூடாது என்று அவர் எச்சரித்திருந்ததையும் மீறி அதையும் செய்தேன். தூக்கம் கெட்டதால் கோபம் வந்தது. காப்பியில் சர்க்கரை குறைவு என்று மருமகளைக் கடிந்தேன். பேரன் அறைக்குள் ஓடிவந்தால், "போ அப்பால!" என்று விரட்டினேன். ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்ததாக நான் எண்ணிய வலியை, உண்மையில் என் வீட்டார் தலையில் சுமத்திக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4ஆம் நாள் அளந்தபோது கால் 70 பாகைதான் மடங்கியது. முன்னேற வேண்டிய கால் பின்னேறியிருந்தது. அந்த இளைஞருக்குக் காரணம் விளங்கவில்லை. அன்று மாலை படுக்கை விரிப்பை மாற்றிய மருமகளின் கையில் தலையணை உறையிலிருந்து மாத்திரைகள் கொட்டின.

"ஏனுங்க அத்தை, இதென்னங்க?"

நான் காரணத்தைச் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டில் ஓரத்தில் அமர்ந்து அழுதாள். "உங்க வலி குறையலையேன்னு ராத்திரியெல்லாம் நானும் தூங்கலைங்க. நான் ஏதோ தப்பாப் பாத்துக்கறேனோன்னு நினைச்சேனுங்க" என்றாள். ஐந்து வாரங்களாக அவள் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தாள் என்பதும், மாத்திரை வேளைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள் என்பதும் அப்போதுதான் என் மனத்தில் உறைத்தது. "தப்பு என் பேரில்தான் கண்ணு" என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை.

மறுநாள் அந்த இளைஞர் எனக்கு விளக்கிய பாடம் இது: "டீச்சரம்மா, வலி மாத்திரை தூங்குவதற்காக மட்டும் கொடுப்பதில்லை. காலை மடக்குவதற்காகக் கொடுப்பது. அறுத்த இடத்தில் புதிய தழும்புத் திசு வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் மடக்கி நீட்டினால் அது நெகிழ்வாக வளரும். அசைக்காமல் விட்டால் கயிறுபோல் இறுகிவிடும். பிறகு மயக்க மருந்து கொடுத்து, மருத்துவர்தான் மடக்கிவிட வேண்டியிருக்கும். பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு மாத்திரை. பயிற்சி முடிந்ததும் பதினைந்து இருபது நிமிடம் பனிக்கட்டி ஒத்தடம், துணிக்கு மேலே. தலையணை வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலுக்கு அடியில் வைத்தால் கால் முழுவதும் நீளாது."

அந்த வாரம் நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தையிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 1957ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையைப் பற்றிக் கூறினார். நோயாளி வலி தணிக்கும் மருந்தை ஏற்றுக்கொள்ளலாம், அதை மறுத்தே தீரவேண்டும் என்ற கடமை எவருக்கும் இல்லை என்று திருத்தந்தை அன்றே தெளிவுபடுத்தியிருக்கிறார். "தவிர்க்க முடியாத வலியைப் பொறுமையோடு ஒப்புக்கொடுப்பது வேறு, மருத்துவர் தந்த மருந்தை ஒளித்து வைப்பது வேறு. மாத்திரை போட்ட பிறகும் உங்களுக்கு வலி மிச்சம் இருக்கும் அம்மா. ஒப்புக்கொடுக்க அது போதும்" என்றார் சுவாமி. உண்மையிலேயே போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து மருமகளின் நோட்டின்படியே நடந்தேன். நாளுக்கு நான்கு வேளை பயிற்சி. கட்டில் ஓரத்தில் அமர்ந்து, நல்ல காலால் நோயுற்ற காலை மெல்லப் பின்னே தள்ளுவேன். ஒவ்வொரு முறையும் பத்து எண்ணும் வரை பிடித்திருப்பேன். பேரன்தான் எண்ணுவான். இரக்கம் வந்தால் ஆறிலிருந்து ஒன்பதுக்குத் தாவிவிடுவான். மாத்திரையால் வந்த மலச்சிக்கலுக்குக் கொய்யாவும் கீரையும் நிறையத் தண்ணீரும் உதவின. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுற்ற கால் முதலில் என்பதை வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்தேன். மார்ச் 31ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவன்று 92 பாகை. நாற்காலியில் அமர்ந்து எழ அது போதும். ஏப்ரல் முடிவில் நடைச் சட்டத்தை விட்டுக் கைத்தடிக்கு வந்தேன். ஜூனில் 110 பாகை. மாத்திரைகள் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைந்து, மே மாதத்திலேயே நின்றுவிட்டன.

எல்லாம் உடனே சீராகிவிடவில்லை. பல மாதங்கள் மாலை நேரத்தில் முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தது. தழும்பின் வெளிப்புறத்தில் ஓர் உள்ளங்கை அளவு இன்றும் மரத்தே இருக்கிறது. முழுமையாகத் தேற ஓராண்டு ஆகும் என்று மருத்துவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஐவரில் ஒருவர் வரை எதிர்பார்த்த நிறைவு கிட்டாமல் இருப்பதும் உண்டு என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். எனவே எல்லாருக்கும் இதுவே வழி என்று நான் கூறமாட்டேன். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டில் முழங்கால் நோயால் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். ஆயினும், முந்தைய ஆண்டு நடந்த குடல் அறுவையின்போது மயக்க மருந்தால் ஏற்பட்ட தொல்லையை எண்ணி அவர் முழங்கால் அறுவைக்கு இசையவில்லை. அவரவர் உடல்நிலைக்கேற்பத் தீர்மானிக்க வேண்டிய காரியம் இது.

ஒன்றுதான் என்னை உறுத்திற்று: முழந்தாட்படியிடுவது. காயம் நன்கு ஆறிய பின் மெத்தென்ற திண்டின்மேல் முயன்று பார்க்கலாம் என்றார் மருத்துவர். நான் முயன்றேன், கூரான கல்லின்மேல் நிற்பதுபோல் இருந்தது. அடுத்த ஞாயிறு எழுந்தேற்றத்தின்போது ஆலயம் முழுவதும் முழந்தாட்படியிட, நான் மட்டும் நாற்காலியில் தலைகுனிந்திருந்தேன். கண்ணீர் வந்தது. உடல்நலக் குறைவால் முழந்தாட்படியிட இயலாதவர்கள், குருவானவர் பணியும்போது தாழ்ந்து வணங்கினால் போதும் என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையே கூறுகிறது என்பதைப் பங்குத்தந்தைதான் எனக்குச் சொன்னார். இப்போது எழுந்து நின்று, இருக்கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்து வணங்குகிறேன். இருக்கையின் விளிம்பில் சாயும் இளம்பெண்களைப் பார்த்து இப்போது நான் எதுவும் எண்ணுவதில்லை. யாருக்கு எந்த மூட்டில் என்ன வலியோ, யார் அறிவார்?

அந்த அக்டோபரில் கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் தேர்த் திருவிழாவுக்குச் சென்றேன். கைத்தடியோடு தேருக்குப் பின்னால் சிறிது தூரம் நடந்தேன். மருமகள் ஒருபுறமும் பேரன் மறுபுறமும் வந்தார்கள்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஓர் அம்மையார் அதே அறுவையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினார். பார்க்கச் சென்றேன். ஆரஞ்சுப் பழங்களைக் கையில் கொடுத்துவிட்டு அவரிடம் மூன்றே காரியங்களைச் சொன்னேன்: மாத்திரையை வேளைக்குப் போடுங்கள், பயிற்சியை ஒரு வேளையும் விடாதீர்கள், கெண்டைக்காலில் திடீர் வலியோ வீக்கமோ, மூச்சுத் திணறலோ, காய்ச்சலோ, காயத்தில் நீர்க்கசிவோ கண்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். புறப்படும்போது அவருடைய மருமகளைத் தனியே அழைத்து நாலாவதையும் சொன்னேன்: "தலையணை உறையை அப்பப்போ உதறிப் பாரு கண்ணு."