21 கோடுகள்

உங்கள் பீரோவில் நீலக்கோடு போட்ட வெள்ளை டீ ஷர்ட் இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். போர்க்கப்பலில் இருந்து இறங்கி வந்த பனியன் அது!

திருப்பூர் மண்ணரையில் நண்பரின் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். செக்கிங் டேபிள் நிறைய அதே கோடு. அங்கே நின்ற அக்காவிடம் கதை சொன்னேன்: 1858-ல் பிரெஞ்சுக் கடற்படை இதை மாலுமிகளின் சீருடையில் சேர்த்தது. உடம்பில் 21 வெள்ளைக்கோடு. ஒவ்வொன்றும் நீலக்கோட்டைப் போல இரண்டு மடங்கு அகலம். பின்னல் துணி இழுத்த இழுப்புக்கு வரும். பாய்மரம் ஏற, கயிறு இழுக்க வசதி. கடலில் தவறி விழுந்தவன் சட்டென்று கண்ணில் படத்தான் கோடு என்றும் ஒரு பேச்சு உண்டு.

அக்காவின் கை நின்றுவிட்டது.

"எம் பையன் நேவில சேர்ந்து ஒடிசா சில்காவுல டிரெய்னிங்ல இருக்கறானுங்க. நம்ம நேவிலயும் கோடு போட்டதுதான் குடுப்பாங்களா?"

"இல்லீங்கக்கா, வெள்ளைச் சட்டைதான்."

"அப்ப விழுந்தா?"

"ஆரஞ்சு கலர்ல லைஃப் ஜாக்கெட் இருக்குதுங்க" என்றேன். பாதிதான் நம்பினார். அடுத்த பீஸை எடுத்து, கோடு கோடாக விரலால் தடவிப் பார்த்த பிறகே அடுக்கினார்.