ஃபோம் தொடக் கூடாத இடங்கள்

"அண்ணே, உள்ள வச்சா ஆடவே கூடாது. டைட்டா வெட்டிக் குடுங்க." என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். சாலிகிராமம், வடபழனிப் பக்கம் கேமரா வாடகைக்கு விடும் அவுட்டோர் யூனிட்டுகளின் பையன்கள்தான் அதிகம். லென்ஸ், கேமரா பாடி, மானிட்டர் என்று ஒவ்வொன்றையும் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். வெளிப்பெட்டியைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது பிளைவுட்டில் அலுமினிய ஆங்கிள் அடித்துச் செய்துகொள்ளலாம். அதற்குள் வைக்கும் ஃபோமை வெட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. ஆடக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. டைட்டாக என்பதில்தான் தகராறு.

பொருளின் வடிவத்தை வரைந்து, கோட்டின் மேல் கத்தியை ஓட்டுவதுதான் இந்தத் தொழில் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அது சீக்கிரமே கைக்கு வந்துவிடும். வராமல் இழுக்கிற பாடம் வேறு: ஃபோம் எங்கே தொட வேண்டும், எங்கே தொடவே கூடாது என்பது.

கீழே விழுந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேசை உயரம் 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸுக்கு அடியில் 5 சென்டிமீட்டர் ஃபோம் இருந்து, அதில் பாதி, அதாவது இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கி லென்ஸை நிறுத்துகிறது என்றால், 75-ஐ இரண்டரையால் வகுக்க வேண்டும். சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 30 மடங்கு விசை. ஒன்றரைக் கிலோ லென்ஸ் அந்தக் கணத்தில் 45 கிலோவாகக் கனக்கிறது. உச்சத்தில் இன்னும் அதிகம். அதே ஃபோம் 3 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கினால் 250 மடங்கு. ஆக, காப்பாற்றுவது ஃபோம் அல்ல, அது அமுங்கிக் கொடுக்கும் தூரம். அமுங்க முடியாதபடி இறுக்கமாக இருக்கும் ஃபோம், பார்வைக்குத்தான் ஃபோம்.

இங்கேதான் எடைக் கணக்கு வருகிறது. அந்த ஒன்றரைக் கிலோ லென்ஸின் அடிப்பாகம் 11 சென்டிமீட்டர் வட்டம் என்றால் பரப்பு ஏறக்குறைய 95 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 16 கிராம்தான் விழுகிறது. கெட்டியான பாலிஎத்திலீன் ஃபோமுக்கு இது மிகக் குறைவு, அது அசைந்துகூடக் கொடுக்காது. எனவே அடிப்பள்ளத்தின் நடுவில் இருக்கும் ஃபோமை எடுத்துவிட்டு, விளிம்பில் ஒரு வளையத்தை மட்டும் விடுகிறேன். தாங்கும் பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும், ஃபோம் தன் வேலையைச் செய்யும். "அண்ணே, அடியில ஓட்டை விழுந்திருக்கே" என்று பையன்கள் பதறுவார்கள். "வேணும்னுதான் வெட்டினேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, லென்ஸை உள்ளே இறக்கிக் கையால் ஒரு அழுத்து அழுத்திக் காட்டுவேன். ஃபோம் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு ரகத்துக்கும் இதற்கென்றே வரைபடம் போட்டுத் தருகிறார்கள். கோடு கிண்ணம் போல வளைந்து இறங்கி ஏறும். பாரம் மிகக் குறைந்தாலும் ஆபத்து, மிக அதிகமானாலும் ஆபத்து, நடுவில் அடிப்பள்ளத்தில்தான் பத்திரம். நம் ஊர்க் கடையில் டென்சிட்டி எவ்வளவு என்று கேட்டு வாங்குகிறோமே தவிர, அந்த வரைபடத்தை யாரும் கேட்பதில்லை.

முந்நூறு கிராம் மானிட்டருக்கும் எட்டுக் கிலோ ஜூம் லென்ஸுக்கும் ஒரே ஷீட்டில் பள்ளம் வெட்டித் தரச் சொல்வது இதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை. மானிட்டருக்கு மெத்து மெத்தென்ற பாலியூரிதேன் வேண்டும். ஜூம் லென்ஸை அதில் வைத்தால் தரையைத் தொட்டுவிடும்.

அடுத்தது, தொடும் இடங்கள். எந்தக் கருவிக்கும் வலுவான இடம் ஒன்று உண்டு. கேமராவுக்கு அது டிரைபாடில் பூட்டும் அடித்தகடு. லென்ஸுக்கு மவுண்ட் பக்கத்து உலோக உடம்பு. பாரம் அங்கேதான் இறங்க வேண்டும். ஃபோகஸ் வளையம், ஐரிஸ் வளையம், வியூஃபைண்டரின் கை, கேபிள் சொருகும் முனைகள், பட்டன்கள், திருகுகள் இவற்றைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டுவிடுவேன். லாரியில் விடிய விடியப் போகும் பெட்டியில் ஒரு திருகின் மேல் ஃபோம் அழுத்திக்கொண்டே இருந்தால் அது மெல்லக் கழன்றுவிடலாம். பவர் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பொருளின் அச்சை அப்படியே எடுத்தது போல வெட்டிய பள்ளம் போட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் அது நாலு பக்கமும் எல்லாவற்றையும் பிடிக்கிறது, பிடிக்கக் கூடாததையும் சேர்த்து. கணினியில் வெட்டும் இயந்திரங்கள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. ஒரே பெட்டி நூறு வேண்டும் என்றால் அங்கேதான் அனுப்புவேன். அதற்குக் கொடுக்கும் படத்தை வரைகிறவருக்கு இந்த இடைவெளி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் சுவர் இரண்டு, மூன்று சென்டிமீட்டராவது வேண்டும். பெட்டியின் வெளிச்சுவர் ஓரம் அதற்கும் மேல். இன்னும் ஒரு பேட்டரிக்கு இடம் கிடைக்குமே என்று இந்தச் சுவரைச் சுரண்டச் சொல்பவர்களிடம் பெரிய பெட்டி வாங்கச் சொல்லிவிடுகிறேன். விரல் போக இருபுறமும் அரைவட்டம் வெட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸை மூடியைப் பிடித்துத் தூக்குவார்கள், மூடி மட்டும் கையோடு வரும்.

வெட்டுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொருளைச் சுற்றிப் பேனா ஓட்டினால், பேனாவின் தடிமனால் கோடு வெளியே தள்ளி விழும். அதனால் கோட்டுக்கு உள்ளே வெட்ட வேண்டும். முதலில் சன்போர்டில் ஒரு டெம்ப்ளேட் வெட்டிப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஃபோமைத் தொடுவேன். கத்தியை அழுத்தக் கூடாது, நீளமாக இழுக்க வேண்டும். அழுத்தினால் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாகப் பள்ளம் கோணிப்போகும். பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் ஃபோம் அறுபடாமல் பிய்ந்து வரும், தயங்காமல் நுனியை ஒடித்துவிட வேண்டும். இந்த ஒடிக்கும் பிளேடு 1956-ல் ஜப்பானில், ஒசாகாவில் யோஷியோ ஒகாடா கண்டுபிடித்தது. உடைந்த கண்ணாடிச் சில்லும், கட்டம் கட்டமாக ஒடியும் சாக்லேட்டும் சேர்ந்துதான் அவருக்கு அந்த யோசனையைக் கொடுத்ததாம். ஒல்ஃபா என்ற பெயரில் இன்றும் வருகிறது.

சூடான கம்பியால் பாலிஎத்திலீனை வெட்டலாம், வழவழப்பாக வரும். ஆலையிலிருந்து புதிதாக வந்த ஷீட்டில் நுரைக்கப் பயன்படுத்திய பியூட்டேன் வாயு மிச்சம் இருக்கும், தீப்பிடிக்கும். காற்றாட சில நாள் வைத்த பிறகே கம்பியைக் காட்ட வேண்டும். பாலியூரிதேனில் சூடான கம்பி வேண்டவே வேண்டாம். அந்தப் புகை விஷம்.

சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி வைத்து, வேண்டியதைப் பிடுங்கிக்கொள்ளும் ஃபோம் பெலிகன் பெட்டிகளோடு வருகிறது. அவசரத்துக்குப் பரவாயில்லை. கனமான கருவியைத் தினமும் எடுத்து வைத்தால் கட்டங்கள் ஓரத்திலிருந்து பிய்ந்து வரத் தொடங்கும்.

விமானத்தில் போகும் பெட்டி என்றால் பேட்டரிக்குப் பள்ளம் வெட்ட மறுத்துவிடுகிறேன். தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரி கையோடு கேபினுக்குள்தான் போக வேண்டும். சாதாரணமாக 100 வாட்-ஹவர் வரை, விமான நிறுவனத்தின் அனுமதியோடு 160 வரை. பள்ளம் இருந்தால் பழக்கதோஷத்தில் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

கடைசியாக, நம் ஊர்க் காற்று. பாலியூரிதேனில் எஸ்டர், ஈதர் என இரண்டு வகை. பெட்டிகளுக்கு வரும் கறுப்பு ஃபோம் பெரும்பாலும் எஸ்டர். வெட்டவும் தாங்கவும் நல்லது, ஆனால் ஈரக்காற்று அதன் சத்ரு. சென்னை போன்ற கடலோர ஊரில் பூட்டியே கிடக்கும் பெட்டிக்குள் அது வருடக்கணக்கில் மெல்ல இற்று, முதலில் பிசுபிசுக்கும், பிறகு பொடியாக உதிரும். அந்தப் பிசுக்கு லென்ஸ் பூச்சில் ஒட்டினால் துடைத்து எடுப்பது பெரும்பாடு. போதாக்குறைக்கு, இந்த ஃபோம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழையில் ஷூட்டிங் முடித்து ஈரக் கருவியை அப்படியே மூடினால் லென்ஸுக்குள் பூஞ்சைக்கு விருந்து. மூடிய கண்ணறைகள் கொண்ட பாலிஎத்திலீனுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைப் படுக்க வைக்க நைட்ரஜனால் நுரைத்த பாலிஎத்திலீனைத் தேர்ந்தெடுப்பது அதிலிருந்து எதுவும் கசியாது என்பதால்தான். இப்போது நான் சட்டகம் முழுவதும் பாலிஎத்திலீனில் வெட்டி, மென்மை தேவைப்படும் இடத்தில் மட்டும் ஈதர் வகையைத் துண்டாகச் செருகுகிறேன். அந்தத் துண்டை ஒட்டுவதில்லை, இற்றுப்போனால் உருவி எறிந்துவிடலாம். சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்கும் ஒரு பள்ளம் கட்டாயம் உண்டு.

உங்கள் வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பழைய கேமராப் பெட்டி இருந்தால் இன்றே திறந்து, மூலையில் இருக்கும் கறுப்பு ஃபோமை விரலால் அழுத்திப் பாருங்கள். விரலில் ஒட்டினாலோ பொடி உதிர்ந்தாலோ கருவியை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். பெட்டியை எறிய வேண்டாம், ஃபோமை மட்டும் மாற்றினால் போதும்.