ஒரு விக்கெட்டின் விலை

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர்ஸ் ஹில் வாசிகளுட் பலர் திடீரெனக் கணக்காளராயினர். கச்சான் காற்றுக்குக் கதவடைத்து வீட்டினுள் இருந்தோரும், முச்சக்கர வண்டித் தரிப்பிடத்திற் காத்து நின்றோரும் ஒரே வகுத்தற் கணக்கையே செய்தனர். ஒப்பந்தத் தொகை ஐம்பது இலட்சம் இந்திய ரூபா. வீழ்த்தியது ஒரு விக்கெட். ஆகவே விக்கெட் ஒன்றின் விலை ஐம்பது இலட்சம். வகுத்தலிற் பிழையில்லை. ஆனால் அந்த விடை எதனை அளக்கின்றது என்று எவரும் கேட்கவில்லை.

கணக்குக்கு உள்ளானவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 டிசம்பரில், பத்தொன்பது வயது நிரம்பும் தறுவாயில், லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக முதன்முதல் ஆடி, அஞ்சலோ மத்தியூசை வீழ்த்திய லெக் ஸ்பின் பந்துவீச்சாளர். 2024 ஏப்ரலில், காயமுற்ற வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக, சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி அவரை ஒப்பந்தஞ் செய்தது. வடக்கிலும் கிழக்கிலும் அச்செய்தி எவ்வாறு வரவேற்கப்பட்டது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அது வேறொரு வழக்காக மாறியது.

என் தமக்கையின் மகன் உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவில் பயில்பவன். மாலை வேளைகளில் ஏகாம்பரம் மைதானத்தில் லெக் ஸ்பின் வீசுபவன். பந்தைக் கைவிட்டாற் படிப்பான் என்பது அவன் தந்தையின் துணிபு. அத்தானுக்கு மேற்படி வகுத்தல் வாய்ப்பான சான்றாயிற்று. "அவ்வளவு திறமையான பிள்ளைக்கே ஒரு விக்கெட்தான். இவனுக்கு என்ன கிடைக்கப் போகுது?" என்றார். மருமகன் அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. பின்னர் என்னிடம் தனியே கேட்டான்: "மாமா, அந்த அண்ணா நல்லாப் போட்டவரா, இல்லையா?" பல்கலைக்கழகத்திற் புள்ளிவிபரவியல் கற்பிப்பவன் என்ற முறையில் அவ்வினாவைத் தட்டிக்கழிக்க எனக்கு இயலவில்லை.

முதலில் விலையை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வொருவரும் அடிப்படை விலையொன்றுடன் நிற்கின்றார். இரண்டு அணிகளுக்கு ஒரே வகையான ஆட்டக்காரர் தேவைப்பட்டு, இரண்டிடமும் பணம் எஞ்சியிருந்தால், விலை ஏறும். ஓர் அணி மட்டும் கையுயர்த்தினால் அடிப்படை விலையிலேயே நிற்கும். உலகறிந்த ஹசரங்கவே அவ்வாண்டு தம் அடிப்படை விலையான ஒன்றரைக் கோடிக்குத்தான் போனார். பதிலாள் ஏலத்துக்கே வருவதில்லை. ஆகவே ஐம்பது இலட்சம் என்பது வியாஸ்காந்தின் ஆற்றலை எவரும் நிறுத்துக் கூறிய தொகையன்று. அவருடைய அடிப்படை விலை, அவ்வளவே.

இனி ஆட்டம். மே 8இல் ஹைதராபாத்தில் லக்னோ அணிக்கெதிரான முதற்போட்டியில் அவர் நான்கு ஓவர்களில் 27 ஓட்டங்கள் கொடுத்தார், விக்கெட் இல்லை. லக்னோ இருபது ஓவர்களில் 165 பெற்றது. ஹைதராபாத் அதனை 9.4 ஓவர்களில் விக்கெட் இழப்பின்றிக் கடந்தது. அத்தகைய ஆடுகளத்தில் ஓவருக்கு ஏழு ஓட்டங்களுக்குட் கட்டுப்படுத்துவது எளிதன்று. அதே அணியின் நடராஜன் அன்று நான்கு ஓவர்களில் 50 கொடுத்தார். மே 19இல் பஞ்சாபுக்கெதிராக, 71 ஓட்டங்களுடன் ஆடிக்கொண்டிருந்த பிரப்சிம்ரன் சிங்கை வியாஸ்காந்த் வெளியேற்றினார். அடுத்து வந்த தகுதிப் போட்டியிற் கொல்கத்தா அணி அவருடைய இரண்டு ஓவர்களில் 22 எடுத்தது. மூன்று போட்டிகளிலும் சேர்த்து 60 பந்துகள்.

அறுபது பந்துகள் எவ்வளவு சிறிய மாதிரி என்பதை மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். இருபது பந்துக்கு ஒரு விக்கெட் எடுக்கும் வல்லமையுள்ள ஒருவர், அறுபது பந்துகளில் ஒன்றோ பூச்சியமோ மட்டும் பெறுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. நல்ல பந்துவீச்சாளர் ஐவரில் ஒருவர் இந்தக் குழியில் விழுந்தே தீருவார். விழுந்தவர் நல்லவரா, சாதாரணமானவரா என்று அந்த அறுபது பந்துகளைக் கொண்டு மட்டும் பிரித்தறிய எந்தச் சூத்திரத்தாலும் ஆகாது.

விலையும் ஆட்டமும் வெவ்வேறு பாதையிற் செல்வதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு உதாரணங்கள் உள. கட்டடக் கலைப் பட்டதாரியான வருண் சக்கரவர்த்தி, 2018இல் தமிழ்நாட்டு லீக்கில் மதுரை அணிக்கு ஆடியதைக் கண்டு, அடிப்படை விலை இருபது இலட்சமாக இருந்தவரை, பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு வாங்கியது. 2019 மார்ச்சில், ஈடன் கார்டனில், அவருடைய முதல் ஓவரிலேயே 25 ஓட்டங்கள் போயின. அப்பருவத்தில் அவர் ஆடியது அந்த ஒரு போட்டியே. கொல்கத்தா அணி அவரை அடுத்த ஏலத்தில் நான்கு கோடிக்கு, அதாவது பாதிக்கும் குறைவான விலைக்கு, எடுத்தது; 2020இல் 17 விக்கெட்டுகள் கண்டது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனின் கதையும் இதுவே: 2017இல் மூன்று கோடி, 2018இல் நாற்பது இலட்சம், இரண்டு பருவங்கள் வெளியிலேயே அமர்ந்திருந்து, 2020இல் 16 விக்கெட்டுகள். விலை உச்சத்தில் நின்றபோது ஆட்டம் இல்லை. ஆட்டம் வந்தபோது விலை தாழ்ந்திருந்தது.

அமெரிக்கர் இதனைச் சட்டமாகவே வகுத்துவிட்டனர். அவர்களுடைய கால்பந்தாட்டத்தில் வைட் ரிசீவர் என்பவர் ஓரமாக ஓடிச் சென்று, தொலைவிலிருந்து எறியப்படும் பந்தைப் பற்றுபவர். 2011 முதல், புதியவரின் நான்காண்டு ஒப்பந்தத் தொகையைப் பெரும்பாலும் அவர் எத்தனையாவதாகத் தெரிவானார் என்ற வரிசையெண்ணே தீர்மானிக்கின்றது. 2023இல் 20ஆவதாகத் தெரிவான ஜாக்சன் ஸ்மித்-நிஜிக்பாவுக்கு ஒரு கோடியே நாற்பது இலட்சம் டொலருக்கு மேல். 177ஆவதாக வந்த பூகா நகுவாவுக்கு நாற்பது இலட்சம் டொலர் அளவில். முதலாண்டில் முன்னவர் 628 யார். பின்னவரோ 105 பந்துகளைப் பற்றி 1,486 யார் ஓடி, புதியவர்களுக்கான சாதனையையே முறியடித்தார். சம்பளம் மாறவில்லை. முன்னவரை வீணென்று கைகழுவியிருந்தால் அதுவும் தவறாகியிருக்கும். மறு ஆண்டு அவரும் 1,130 யார் எடுத்தார். பந்தை எறிபவர் எவர், எதிரே காவல் நிற்பவர் எவர் என்பனவெல்லாம் ரிசீவரின் கணக்கிற் கலந்தே வருகின்றன. லெக் ஸ்பின்னரின் விக்கெட்டும், எல்லைக்கோட்டருகே நிற்பவர் பிடியை விடாதிருத்தலைப் பொறுத்ததுதானே.

இவற்றையெல்லாம் அத்தானுக்கு எடுத்துரைத்தேன். "உன் கணக்கில் என் பிள்ளைக்கு என்ன வரும்?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. மேலே சொன்னவர்கள் யாவரும் ஏதோ ஒரு விலை பெற்ற பின்னரே தோற்றவர்கள். விலையே பெறாமற் போனோரின் பெயர் எந்த அட்டவணையிலும் இல்லை. அவர்களையும் சேர்த்தெண்ணினால், அத்தானின் அச்சத்துக்கு என் நிகழ்தகவைவிட வலிமை மிகுதி. அதை அவர் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டேன்.

மருமகனுக்கு வேறு வேலை கொடுத்தேன். விக்கெட்டை எண்ணாதே, ஓவருக்கு எத்தனை பந்து குட்டையாக விழுகின்றது என்று மட்டும் எண்ணு என்றேன். ஒரு நண்பனை நடுவர் பக்கம் நிறுத்திக் கொப்பியிற் குறித்து வந்தான். தொடக்கத்தில் ஓவருக்கு ஒன்றாவது குட்டையாக விழுந்தது. ஆகஸ்ட் முடிவில், கச்சான் எதிரே வீசும் முனையிலிருந்தும், இரண்டு ஓவருக்கு ஒன்றெனக் குறைந்தது. பரீட்சைக்கும் தோற்றினான்.

இப்போது கொழும்புக் கழகமொன்று மூன்று மாதப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கின்றது. ஊதியமில்லை; தங்குமிடம் உண்டு. பஸ் கட்டணத்தை யார் கொடுப்பது என்ற பேச்சு வீட்டில் நடக்கின்றது. அத்தான் பாதியைத் தருவதாகச் சொல்லியிருக்கின்றார்.